சித்திரை வெயிலில் பிரான்மலை ஏற ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?

உங்கள் கேள்வி இதுதான்: மே முதல் வாரம் காரைக்குடியில் ஒரு கல்யாணம். அது முடிந்த மறுநாள் ஆறு நண்பர்கள் சேர்ந்து சிங்கம்புணரி பக்கத்துப் பிரான்மலை ஏறப் போகிறீர்கள். எல்லோரும் சென்னையில் ஏசி அறையில் வேலை பார்ப்பவர்கள். ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும், குளுக்கோஸ் பவுடர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். லிட்டர் கணக்கைச் சொல்லிவிடலாம், அது சுலபம். ஆனால் ஆறு பேரும் சொந்தக் காலில் இறங்கி வர என்ன செய்ய வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பை நிறையத் தண்ணீர் வைத்திருந்தும் வெயிலில் சுருண்டு விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் இப்படிச் சொல்கிறேன்.

நான் இந்தப் பக்கத்தில் பல வருடங்களாகப் பொது மருத்துவம் பார்ப்பவன். தைப்பூசத்துக்குப் பழனிக்கும், சித்திரைத் தேருக்குச் சமயபுரத்துக்கும் நடந்து போகிறவர்களுக்கான மருத்துவ முகாம்களில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது இருதயக் கோளாறோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் நான் கீழே சொல்லும் அளவுகள் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் நிற்காமல் மலை ஏறினால் மணிக்கு 400 முதல் 500 கிலோ கலோரி வரை செலவாகும். அதில் கால்பங்குதான் ஏறுவதற்குப் பயன்படும். மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பம் வெளியே போக வழியே இல்லையென்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் உடல் வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடம்பு 40-ஐத் தாண்டினாலே ஆபத்து. தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறவரை கொஞ்சம் வெப்பத்தைக் காற்றே வாங்கிக்கொண்டு போகும். காற்று 38, 39 என்று ஆகிவிட்டால் கதை தலைகீழ். அப்போது காற்றே நமக்குச் சூட்டைக் கொடுக்கும், மேலே சூரியன், கீழே பாறை. மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலேயே ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அப்படிப் பார்த்தால் ஏறும் வெப்பத்தைக் கழிக்க மட்டுமே மணிக்கு அறுநூறு மில்லி வியர்வை வேண்டும். வெயில் சேர்க்கும் சூட்டுக்கு அது போக இன்னும் வேண்டும்.

மானாமதுரைப் பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான் இதுவும். பானை மேல் கசியும் ஈரம் காய்ந்தால்தான் உள்ளே குளிரும். ஈரக்காற்று அடிக்கும் நாளில் பானை நனைந்தபடியே இருக்கும், தண்ணீர் வெதுவெதுவென்றே கிடக்கும். வியர்வை சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறதென்றால் நீர்ச்சத்து போகிறது, உடம்பு மட்டும் குளிரவில்லை என்று அர்த்தம். குடிக்கிற தண்ணீர் நேராக உடம்பைக் குளிர்விப்பது மிகக் கொஞ்சம்தான். வியர்வைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் சரக்கு தருவதே அதன் முக்கிய வேலை. ஆகவே எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைவிட, எத்தனை மணிக்கு மலையில் இருக்கிறீர்கள், என்ன வேகத்தில் ஏறுகிறீர்கள் என்பதுதான் உங்களைக் காப்பாற்றும். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

நேரம். மே மாதம் இங்கே ஆறு மணிக்குள் விடிந்துவிடும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாக வண்டியில் வந்து, வெளிச்சம் வந்ததும் அடிவாரத்தில் முதல் படியில் கால் வைத்துவிட வேண்டும். நிதானமாக ஏற இரண்டு மணி நேரம், மேலே தர்கா பக்கம் கொஞ்சம் உட்கார, இறங்க ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் கீழே இருக்க வேண்டும். எட்டரை ஆகியும் உச்சி எட்டவில்லையென்றால் எந்த இடமாக இருந்தாலும் அங்கேயே திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே ஆறு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போய்ப் பேசினால் வீம்புதான் ஜெயிக்கும். ஒன்று ஒத்துக்கொள்கிறேன், விடியற்காலையில் ஈரப்பதம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது, பிசுபிசுவென்று இருக்கும். இருந்தாலும் காற்றின் சூடும் வெயிலும் குறைவு என்பதால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் காலைதான் லாபம். சாயங்காலம் வெயில் தாழ்ந்து ஏறலாமே என்று சிலர் கேட்பார்கள். நாள் முழுக்கக் குடித்த வெயிலைக் கருங்கல் சாயங்காலம் ஐந்து, ஆறு மணிவரை கக்கிக்கொண்டிருக்கும். உட்கார்ந்தால் வேட்டியைத் தாண்டிச் சுடும். அப்புறம் இருட்டில் இறங்க வேண்டிய வம்பு வேறு.

வேகத்துக்கு ஒரு அளவு: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஏற முடிய வேண்டும். மூச்சு வாங்கி ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் வேகம் அதிகம். கூட்டத்தில் மெதுவாக வருபவர் யாரோ அவர் முன்னால் நடக்கட்டும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒரு விஷயம், ஆனால் எனக்கு ரொம்பவும் உறுத்துவது இதுதான். கல்யாணத்துக்கு மறுநாள் என்கிறீர்களே, அந்த நாளைவிட மோசமான நாளை நீங்கள் தேடினாலும் கிடைக்காது. முதல் நாள் ராத்திரி பேச்சும் சிரிப்புமாகத் தூக்கம் போயிருக்கும். செட்டிநாட்டுக் கல்யாணச் சாப்பாட்டின் கனம் வயிற்றில் இருக்கும். நண்பர்கள் கூடினால் கொஞ்சம் மது இருந்திருக்கலாம், நான் கேட்கவில்லை. தூக்கக் குறைவு, மது, வயிற்றுப்போக்கு, லேசான காய்ச்சல் இந்த நான்கில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வெயிலைத் தாங்கும் சக்தி குறையும். முகாம்களில் நாங்கள் பாடுபட்டுத் தூக்கி வைத்தவர்களில் கிழவர்களைவிட இளவட்டங்கள் அதிகம். ராத்திரி தூங்காமல், காலையில் ஒன்றும் சாப்பிடாமல், போட்டி போட்டு நடந்தவர்கள். ஆகவே இடையில் ஒரு நாள் விடுங்கள். அந்த நாளில் அரண்மனை பார்க்க கானாடுகாத்தான் போங்கள், மத்தியானம் வீட்டு வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்துத் தூங்குங்கள், இரவு சீக்கிரம் படுங்கள்.

ஏசி அறைக்காரர்கள் என்பதும் முக்கியம். உடம்பு வெயிலுக்குப் பழக ஏழு முதல் பதினான்கு நாள் பிடிக்கும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பு குறைவாக இருக்கும், ரத்தத்தின் திரவ அளவும் கூடியிருக்கும். உங்கள் கூட அதே மலையில் விறகுக் கட்டோடு ஒரு அம்மா சாதாரணமாக இறங்கி வருவார். அவரைப் பார்த்து நம்மாலும் முடியும் என்று நினைக்காதீர்கள். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதென்றால் சென்னையிலேயே தினமும் மாலை வெளியில் ஒரு மணி நேரம் வியர்க்க நடங்கள். "எங்க அப்பா காலத்துல ஒரு செம்புத் தண்ணியோட பழனிக்கே நடந்தாக" என்று கல்யாண வீட்டில் யாராவது சொல்வார்கள். நடந்தார்கள்தான், ஆனால் அது தை மாதம். சித்திரையில் சமயபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் ராத்திரியிலும் விடியலிலும்தான் நடக்கிறார்கள், வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது. பிரான்மலைப் படியில் பந்தல் கிடையாது.

சரி, லிட்டர் கணக்குக்கு வருகிறேன். நடுத்தர உடம்புக்கு, நிதான வேகத்தில், காலை நேரத்தில், மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை. மூன்றரை, நான்கு மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டர். தலையிலும் துண்டிலும் ஊற்றவும் அவசரத்துக்கும் இன்னொரு அரை லிட்டர். ஆக ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்தால் போதும். ஐந்து லிட்டர் சுமப்பதில் அர்த்தமில்லை, அந்தப் பாரத்தைத் தூக்குவதற்கே கூடுதலாக வியர்க்கும். அதற்குப் பதில் அடிவாரத்தில் வண்டியில் ஒரு இருபது லிட்டர் கேன் வைத்துவிடுங்கள், அது பின்னால் வேறு வேலைக்கும் உதவும். கிளம்பும் முன் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் மெதுவாகக் குடியுங்கள். காலையில் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகக் கிளம்புகிறீர்கள், அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். சத்து மாத்திரை சாப்பிட்டால் நிறம் ஏமாற்றும். கோயில் மலைகளில் குரங்குத் தொல்லை உண்டு, கையில் பாட்டிலைப் பார்த்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பாட்டில்கள் பைக்குள்ளேயே இருக்கட்டும். ஊருணித் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்காதீர்கள்.

அளவுக்கு மேல் குடித்தாலும் ஆபத்து என்பதைப் படித்தவர்களே நம்ப மறுக்கிறார்கள். வெறும் தண்ணீரை வியர்வையைவிட அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு வரை போகலாம். 2002-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே அது அதிகம். ஆகவே எந்த மணி நேரத்திலும் ஒன்றரை லிட்டரைத் தொடாதீர்கள். தாகத்துக்குக் குடிப்பதா, கடிகாரம் பார்த்துக் குடிப்பதா என்பதில் நிபுணர்களே இரண்டு கட்சி. வெயிலில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்குப் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்பார்கள். நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் தாகத்தை நம்பு என்பார்கள். உங்களைப் போல மூன்று நான்கு மணி நேரக் காரியத்துக்குத் தாகத்தை நம்பலாம் என்பது என் கட்சி. ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நின்று, தாகம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு சுவாரசியத்தில் தாகம் மறந்துபோகும். வயதானவர்களுக்குத் தாகமே மழுங்கியிருக்கும், அவர்களுக்குக் கடிகாரம்தான் சரி.

எதைக் குடிப்பது? குளுக்கோஸ் பவுடர் பெரும்பாலும் சர்க்கரைதான். தெம்பு தரும், வியர்வையில் போகும் உப்பைத் தராது. நான் கொண்டுபோகச் சொல்வது உப்புப் போட்ட நீர்மோர். தண்ணீர், உப்பு, கொஞ்சம் புரதம் எல்லாம் அதிலேயே வந்துவிடும், வாய்க்கும் அலுக்காது. சூட்டில் புளித்துவிடும் என்பதால் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் அதை முடித்துவிடுங்கள். வீட்டில் பழைய சோற்று நீராகாரம் கிடைத்தால் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்புவதுதான் மிகச் சிறந்த ஆரம்பம், கூடவே இரண்டு இட்லி. இளநீரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல பானம்தான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். இறங்கி வந்தபின் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் தொடவே வேண்டாம். பானகம் இனிப்புக்கு நல்லது, சிட்டிகை உப்புப் போட்டால் இன்னும் நல்லது. நுங்கு சீசன் அது, இறங்கியதும் ரோட்டோரத்தில் கிடைத்தால் விடாதீர்கள், அதில் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, சுகத்துக்குத்தான். காலையில் ஒரு காப்பி குடித்தால் நீர் வற்றிவிடும் என்பது மிகைப்படுத்தல், பழக்கமுள்ளவர்கள் குடிக்கலாம்.

ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்கு ஒன்று அவசரத்துக்குப் பையில் இருக்கட்டும். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், அதோடு பொட்டாசியமும் சிட்ரேட்டும். அந்த அளவுக்கு ஒத்துப்போகாத இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அதுவரை டெட்ரா பேக்கில் விற்றதெல்லாம் ஓஆர்எஸ் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. தலை தட்டி அளந்து போடுங்கள். உப்பு மாத்திரை வேண்டாம். நம் சாப்பாட்டில் ஏற்கெனவே உப்புக்குப் பஞ்சமில்லை, நான்கு மணி நேரத்துக்கு அதுவே தாங்கும்.

உடை விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொளதொளவென்ற வெளிர்நிறப் பருத்திச் சட்டை, முழுக்கை, அகல விளிம்புத் தொப்பி. ஒரு கைத்தறித் துண்டு கட்டாயம். நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டால், காற்று வறண்டிருக்கும்போது அது உங்களுக்கு இன்னொரு தோல். வியர்வையை ஓயாமல் துடைக்காதீர்கள், காயும் முன் துடைத்தால் குளிர்ச்சி போய்விடும். பாறையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், பக்தியானாலும் ஒன்பது மணிக்கு மேல் கால் பொத்துப்போகும்.

சந்தேகக் கணக்கில் வைக்க வேண்டியவையும் உண்டு. சின்ன வெங்காயத்தைச் சட்டைப்பையில் வைத்தால் வெயில் தாக்காது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நன்னாரி, வெட்டிவேர், சப்ஜா விதை எல்லாம் குளிர்ச்சி என்கிறோம். அவை குடிக்கச் சுகமானவை, தண்ணீரும் உள்ளே போகிறது, ஆனால் மலை ஏறுபவரின் உடல் வெப்பநிலையைக் குறைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் உப்புக் குறைவு என்று உடனே சொல்வார்கள். தசை களைத்துப்போனதாலும் பிடிக்கும் என்று ஒரு வலுவான வாதம் இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான், நிழலில் உட்கார்ந்து காலை மெல்ல நீட்டி இழுத்து, உப்பு கலந்த ஏதாவது குடிப்பது.

இனி சொல்வதை மட்டும் ஆறு பேரும் படிக்க வேண்டும். தலை கிறுகிறுப்பு, குமட்டல், தலைவலி, அவ்வளவு வெயிலிலும் புல்லரிப்பு, இவை முதல் எச்சரிக்கை. அங்கேயே நிழலில் உட்கார்ந்து, துண்டை நனைத்துப் போட்டு, குடித்து, அரை மணி நேரம் பாருங்கள். தெளிந்தாலும் மேலே ஏறாதீர்கள், இறங்குங்கள். ஒருவர் உளறினால், தள்ளாடினால், காரணமில்லாமல் கோபப்பட்டால், எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டால் தப்பாகச் சொன்னால், அது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்க்கிறதே, அப்படியானால் வெப்பத்தாக்கு இல்லை என்று நினைப்பது உயிருக்கு உலை வைக்கும். வேலை செய்து வரும் வெப்பத்தாக்கில் தோல் நனைந்தே இருக்கலாம். உடனே 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்க ஆரம்பியுங்கள். சட்டையைக் கழற்றி, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, துண்டால் விடாமல் விசிறுங்கள். அடிவாரத்தில் என்றால் அந்த இருபது லிட்டர் கேன். பக்கத்தில் பம்புசெட் தொட்டி இருந்தால் அதைவிட நல்ல மருத்துவம் இல்லை, கழுத்துவரை உள்ளே இறக்கி, ஒருவர் தலையை விடாமல் தாங்கிக்கொள்ள வேண்டும். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் கொண்டுபோவது. நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இங்கே வேலை செய்யாது.

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையோ, பீட்டா பிளாக்கர் வகையோ, மனநல மருந்துகளோ, சளிக்குத் தூக்கம் வரவைக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் நாள் மாலை வானிலை அறிக்கை பாருங்கள். 40 டிகிரியைத் தாண்டும் என்று சொன்னால் பிரான்மலையை விட்டுவிட்டு, விடியலில் குன்றக்குடிப் படியேறி முருகனைக் கும்பிட்டு வாருங்கள்.

இறங்கியபின் ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் கவிழ்க்காமல், சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். போகும் முன்னும் வந்த பின்னும் எடை பார்க்க வசதி இருந்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர், அதை ஈடு கட்ட அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்க வேண்டும். அன்றோ மறுநாளோ சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தொடை தொட முடியாமல் வலித்தால், அது தசை சிதைவாக இருக்கலாம். ரயில் ஏறிச் சென்னை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் காரைக்குடியிலேயே அன்றே ரத்தம் சோதித்துப் பாருங்கள்.